கேசத்தின் வர்ணமும் காலத்தின் கணக்கும்

தலைச்சாயம் பூசும் நாள் ஒன்றுதான். அதைப் பேணும் நாட்களோ ஆண்டு முழுவதும். முகத்துக்கு இசையும் நிறத்தைத் தேடுகிறவர்கள், தம் வாழ்க்கை முறைக்கு இசையும் நிறம் எது என்றும் விசாரித்துக்கொள்வது நலம்.

"எனக்கு எந்தக் கலர் எடுப்பா இருக்கும், அக்கா?" என்பதுதான் நம் ஊர் அழகு நிலையங்களின் நாற்காலியில் அமர்ந்தவுடன் எழுகின்ற முதற் கேள்வி. நிற அட்டையில் வரிசை வரிசையாகக் கோத்து வைத்த முடிக் கற்றைகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தருகே பிடித்துப் பார்த்து, மேனியின் நிறத்துக்கும் கண்ணின் கருமைக்கும் வழக்கமாக உடுத்தும் சேலைகளுக்கும் எது பொருந்தும் என்று வெகுநேரம் ஆலோசித்து, உடன் வந்த தங்கையிடமோ தோழியிடமோ அபிப்பிராயம் கேட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆலோசனையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் "இதை எத்தனை நாளைக்கு ஒரு தரம் போடணும்?" என்னும் இரண்டாவது கேள்வி, சாயம் ஊறி, தலை அலசி, பணத்தையும் கொடுத்துவிட்டுப் புறப்படும் வேளையில்தான் பலருக்கு நினைவு வருகிறது. தவணை முறையில் பண்டம் வாங்குகிறவர் முதல் தவணையின் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதற்கு ஒப்பான காரியம் இது.

அந்த இரண்டு கேள்விகளின் வரிசையை மாற்றிவிடலாம். எவ்வளவு நேரமும் பொருளும் சிரத்தையும் இதற்கு ஒதுக்க இயலும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த வரம்புக்குள் எந்த நிறம் அழகு தரும் என்று பிறகு பார்ப்போமானால், மூன்றாம் வாரத்தில் கண்ணாடி முன் நின்று சலித்துக்கொள்ளும் அவஸ்தை பெருமளவு நீங்கிவிடும். எந்த நிறம் எவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்பது அதிர்ஷ்டத்தைச் சார்ந்த விஷயம் அன்று. முடி வளரும் விதமும் சாயம் ஒட்டும் விதமும் தெரிந்தால் எவரும் முன்கூட்டியே கணித்துவிடலாம்.

வேரின் கணக்கு

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் இருக்கின்றன; அவை ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை வளர்கின்றன. தோலுக்கு வெளியே தெரியும் முடி, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை. உயிருள்ள பகுதியோ தோலுக்குள்ளே வேர்ப்பையில் இருக்கிறது. நாம் பூசுகின்ற சாயம் எத்தனை விலையுயர்ந்ததாயினும், எத்தனை நிரந்தரமானது என்று பெயர் பெற்றதாயினும், வெளியே இருக்கும் இழையைத்தான் நிறம் மாற்றுமேயன்றி உள்ளே இருக்கும் வேரை அது தீண்டுவதே இல்லை. வேர் தன் சுபாவப்படி கறுப்பையோ வெள்ளையையோ உற்பத்தி செய்துகொண்டே இருக்க, மூன்று வாரத்துக்குள் முக்கால் சென்டிமீட்டர் அளவுக்கு அந்த நிறம் வகிட்டின் இருபுறமும் தலைகாட்டிவிடுகிறது.

ஆகவே பராமரிப்பின் பாரத்தை நிர்ணயிப்பவை மூன்று. வேரிலிருந்து புறப்படும் நிறத்துக்கும் மேலே பூசிய நிறத்துக்கும் இடையே உள்ள தூரம் முதலாவது. அவ்விரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு கூர்மையானதா, கலங்கியதா என்பது இரண்டாவது. பூசிய நிறம் மங்கும்போது பார்க்கத்தக்க ஒன்றாக மாறுகிறதா, பார்க்கச் சகியாத ஒன்றாக மாறுகிறதா என்பது மூன்றாவது. தூரம் குறைந்து, எல்லை கலங்கி, மங்கும் விதமும் நயமாக அமைந்துவிட்டால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அழகு நிலையத்துக்குப் போனால் போதும். மூன்றும் எதிராக அமைந்துவிட்டாலோ, ஆண்டுக்குப் பதினேழு முறை போனாலும் திருப்தி உண்டாவதில்லை.

கூந்தலின் நீளமும் இக்கணக்கில் சேரும். இடுப்பைத் தொடும் பின்னலின் நுனியில் இருக்கும் முடி, ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்கு முன் வேரிலிருந்து வெளிப்பட்டது. கழுத்தளவு வெட்டிய தலையில் இன்று செய்த தவறு ஓரிரண்டு ஆண்டுக்குள் கத்தரிக்கோலோடு போய்விடும். நீண்ட பின்னலில் செய்த தவறோ, வெட்டிக்கொள்ள மனம் துணியாதவரைக்கும் கூடவே வரும். நீளமாக வளர்க்கும் பெண்கள் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரட்டிப்பு நிதானம் கொள்ள வேண்டியது இதனால்தான்.

மறைத்தலின் சரித்திரம்

நரையை மறைக்கும் ஆசை இக்காலத்து நாகரிகத்தோடு வந்ததன்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோதிட அறிஞர் வராஹமிஹிரர் தம்முடைய பிருஹத் ஸம்ஹிதையில் வாசனைத் திரவியங்களைப் பற்றிப் பேசப் புகும்போது, தலை வெளுத்தவனுக்கு மாலையும் ஆபரணமும் சோபிப்பதில்லை என்று தொடங்கி, தலைச்சாயத்துக்கு ஒரு யோகத்தையே எழுதி வைத்திருக்கிறார். வரகரிசியைக் காடியில் இரும்புப் பாத்திரத்திலிட்டு வேகவைத்து, இரும்புத் தூள் சேர்த்து அரைத்துப் பூசி, பச்சிலையால் மூடி நெடுநேரம் காத்திருந்து, பிறகு நெல்லிக்காய் விழுதைப் பூசி மறுபடியும் காத்திருக்க வேண்டும். அத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. இரும்பும் காடியும் தலையில் விட்டுச் சென்ற நாற்றத்தைப் போக்குவதற்கு வாசனை நீராட்டும் வேண்டுமாம். சாயத்துக்குப் பின்னால் பராமரிப்பும் சேர்ந்தே வரும் என்பதை அந்தச் சோதிடப் பேராசிரியர் மறைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வேடம் புனைந்தவன் நம் கரிகாலன். வழக்குரைக்க வந்த முதியவர் இருவர், இவ்வளவு இளையவன் எப்படி நீதி சொல்லப்போகிறான் என்று தயங்கியதைக் கண்டு, நரைமுடி தரித்து முதியவனாக வந்து தீர்ப்பளித்தான் என்று பழைய நூல்கள் அவனைப் போற்றுகின்றன. அவனுக்கு அந்த வேடம் ஒரு வழக்கு முடியும் வரையில் வேண்டியிருந்தது. இளமையின் வேடம் பூணுகிறவர்களுக்கோ அதைக் களையும் நாளே வருவதில்லை.

இன்றைய சாயத்தின் வரலாறு ரசாயன சாலையில் பிறந்தது. 1856ஆம் ஆண்டு வில்லியம் பெர்க்கின் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய ஆசிரியராகிய ஹோஃப்மன் 1863இல் பாராஃபினைலின்டையமின் என்னும் பொருளை ஆராய்ந்து வெளியிட்டார், இன்று பி.பி.டி. என்ற சுருக்கப் பெயரோடு தலைச்சாயப் பெட்டிகளில் அச்சாகியிருப்பது அதுவே. 1907இல் யூஜின் ஷ்யூலர் என்னும் இளம் பிரெஞ்சு ரசாயன நிபுணர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றைத் தயாரித்துப் பாரிஸ் நகரத்துச் சிகையலங்காரக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார். 1909இல் அவர் நிறுவிய சிறு கம்பெனியே பிற்காலத்தில் லோரியால் ஆயிற்று.

அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு ஷெர்லி பாலிகாஃப் என்னும் விளம்பர எழுத்தாளர் மிஸ் கிளெய்ரால் சாயத்துக்காக எழுதிய விளம்பரம், இவள் சாயம் பூசியவளா, பூசாதவளா என்பது இவளுடைய சிகையலங்காரக்காரிக்கு மட்டுமே தெரியும் என்னும் கருத்தை ஊரெங்கும் பரப்பிற்று. பிறர் கண்டுபிடிக்க முடியாதபடி இருத்தலே சாயத்தின் உத்தம லட்சணம் என்ற கொள்கை அப்போது வேரூன்றியது. பராமரிப்பின் பாரம் மிகுவதற்கும் அதுவே பிரதான காரணம். பூசியிருக்கிறேன் என்று வெளிப்படையாக நிற்கும் நிறத்துக்கு வேர் தெரிந்தால் பெரிய நஷ்டமில்லை. பூசவே இல்லை என்று சாதிக்கும் நிறத்துக்குத்தான், ஒரு வாரம் அசட்டையாக இருந்தாலும் மானம் போய்விடுகிறது.

சாயத்தின் நான்கு ஆயுள்கள்

முடியின் மேற்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உட்பட்ட புறணியில்தான் மெலனின் என்னும் இயற்கை நிறமி இருக்கிறது. தற்காலிகச் சாயம் செதிலின் மேல் படிந்து ஒரே குளியலில் போய்விடும். அரை நிரந்தரச் சாயம் செதில்களுக்குக் கீழே சிறிது நுழைந்து ஆறு முதல் எட்டுக் குளியல் வரை தங்கும். டெமி என்று அழகு நிலையங்களில் வழங்கும் இடைப்பட்ட வகை, குறைந்த வீரியமுள்ள பெராக்ஸைடோடு கலந்து பூசப்பட்டு, சுமார் இருபத்துநான்கு குளியல் வரை தாக்குப்பிடிக்கும். நிரந்தரச் சாயத்தில் அம்மோனியா போன்றதொரு காரம் செதில்களைத் திறந்துவிட, டெவலப்பர் என்னும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உள்ளிருக்கும் மெலனினை வெளுக்கச் செய்கிறது. சாயத்தின் சிறு மூலக்கூறுகள் உள்ளே புகுந்து ஒன்றோடொன்று கூடிப் பெருத்து, வந்த வழியே திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இதிலிருந்து, முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஓர் உண்மை கிடைக்கிறது. நிரந்தரமான சாயமே அதிகப் பராமரிப்பைக் கேட்கிறது. விரைவில் மங்குவதே குறைவாகக் கேட்கிறது. நிரந்தரச் சாயம் தன் இடத்தில் அசையாமல் நிற்பதனால், வளரும் வேருக்கும் அதற்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரியும். டெமியோ குளியலுக்குக் குளியல் சிறிது சிறிதாக இளகுவதனால், வேர் வளர்ந்து வரும்போது அந்த எல்லையும் தானே கலங்கிவிடும். கால் பங்குக்குக் குறைவாக நரைத்தவர்கள், நரையை முற்றிலும் மூட வேண்டும் என்னும் பிடிவாதத்தைச் சற்றே தளர்த்திக்கொண்டு டெமியை நாடினால், பாதிப் பிரயாசையில் முக்கால் பலனைப் பெறலாம்.

நரைத்த தலைக்குக் கறுப்பே அந்நியம்

நம் நாட்டில் டை அடிப்பது என்றாலே பெரும்பாலோர் மனத்தில் எழுவது கறுப்பு. கறுப்பே நமக்குச் சுபாவமான நிறம், மற்றவையெல்லாம் வேஷம் என்று எண்ணுகிறோம். ஆகையால் கறுப்பைப் பேணுவதே எளிது என்றும் நம்பிவிடுகிறோம். இருபது வயதில் அது மெய். ஆனால் முக்கால் பங்கு நரைத்துவிட்ட தலைக்கு வேரிலிருந்து புறப்படுவது வெள்ளை. அந்த வெள்ளைக்கு மிகத் தொலைவில் உள்ள நிறம் கறுப்பைத் தவிர வேறில்லை. ஒரு காலத்தில் நம்முடையதாக இருந்தது என்பதற்காக அது இன்றும் நம்முடையதாகிவிடாது. பொன்னிறத்தையும் நீலத்தையும் காட்டிலும், நரைத்த தலைக்குக் கரிய சாயமே அந்நிய வர்ணம். அதனால்தான் பதினைந்தாம் நாளே நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வெள்ளைக் கோடு தெரிந்துவிடுகிறது.

இளநரையோடு தொடங்குகிறவர்கள் இதை இன்னும் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். தெற்காசியரிடையே 25 வயதுக்கு முன் தோன்றும் நரையை இளநரை என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் கடையில் ஒரு பாக்கெட் டை வாங்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வழக்கப்படுத்திக்கொள்கிறவருக்கு, அது நாற்பது ஆண்டுக் கடமையாகி விடுகிறது. மேலும் கறுப்பினுள் புகும் வழி எளிது. வெளியேறும் வழி கடினம். பூசிய சாயத்தை மற்றொரு சாயத்தால் வெளுக்கச் செய்ய முடியாது என்பது தொழில் தெரிந்தவர்கள் முதலில் கற்கும் பாடம்; பல ஆண்டு கறுப்புப் பூசிய தலையைப் பழுப்பாக்க வேண்டுமானால், ப்ளீச் செய்தோ சாயநீக்கியால் களைந்தோதான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேர்முதல் நுனிவரை பூசுகிறவர்களுக்கு நுனியில் சாயம் அடுக்கடுக்காய் ஏறி ஒளியற்ற கருமை சேர்ந்துவிடும். வேருக்கு மட்டும் தொட்டுப் பூசுவதே முறை.

கறுப்பைக் கைவிட மனமில்லாதவர்களுக்கும் ஓர் உபாயம் உண்டு. தொழில் நிபுணர்கள் முடியின் ஆழத்தை 1 முதல் 10 வரை எண்ணிடுவார்கள். 1 முழுக் கறுப்பு, 10 மிக வெளுத்த பொன்னிறம். தமிழர் பெரும்பாலோரின் இயற்கை முடி 1 முதல் 3 வரையில் அடங்கும். நரை மிகுந்தவர்கள் 1ஐ விட்டு 3 அல்லது 4க்கு, அதாவது அடர் பழுப்புக்கோ நடுத்தரப் பழுப்புக்கோ இறங்கி வருவார்களானால், வெள்ளைக்கும் சாயத்துக்கும் உள்ள தூரம் குறைந்து, கோடு தெரியும் நாள் ஒரு வாரமேனும் தள்ளிப்போகும். வயது கூடிய முகத்துக்கு முழுக்கறுப்பைவிட அது மிருதுவாகவும் இசையும்.

மருதாணியும் அவுரியும்

ரசாயனத்தை விரும்பாதவர்கள் மருதாணியைச் சரணடைகிறார்கள். மருதாணி இலையில் உள்ள லாஸோன் என்னும் நிறப்பொருள், செதிலைத் திறக்கும் காரம் ஏதுமின்றியே கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. முடிக்குச் சிறிது கனமும் பளபளப்பும் தருகிறது. கரிய முடியில் பூசினால் வெயிலில் மட்டும் தெரியும் செம்மையைத் தருவதாலும், எல்லைக்கோடு என்று ஒன்றே தோன்றாததாலும், நரைக்காதவர்களுக்கு இதைப் போல் பராமரிப்புக் குறைந்த வர்ணம் வேறில்லை. நரைத்த முடியிலோ அது பளீரென்ற செம்பொன் நிறமாய் நிற்கும்.

அந்தச் செம்மையைக் கருமையாக்க அவுரிப் பொடி இருக்கிறது. புளிப்புள்ள திரவத்தில் சில மணி நேரம் ஊறவைத்த மருதாணியை முதலில் பூசி அலசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கரைத்த அவுரியைக் காலம் தாழ்த்தாமல் மேலே பூசினால், சிவப்பின்மேல் நீலம் ஏறிக் கருமை பிறக்கிறது. காற்றுப் பட்டு ஓரிரு நாளில் நிறம் இன்னும் ஆழமாகிறது. ஆனால் இதற்கு ஒரு விடுமுறை நாளின் பாதி செலவாகும். அவுரி முந்தி மங்குவதனால் சிவப்பு மறுபடி எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு வாரத்தில் வேருக்குத் திரும்பவும் பூச வேண்டும். சாந்தமான வழிதான், சோம்பேறிக்கு ஏற்ற வழியன்று. இதோடு ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கும் பொடிகள் பலவற்றில் பி.பி.டி. கலந்திருப்பதுண்டு, உலோக உப்புக் கலந்த பொடிகளைப் பூசிய தலையில் பிறகு பெராக்ஸைடு பட்டால் சூடேறி முடி சிதையும். மருதாணி இலையைத் தவிர வேறொன்றும் சேராத பொடிதானா என்று உறையின் பின்புறத்தைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

பர்கண்டியும் பொன்னும்

இளம் பெண்கள் பலர் முதலில் விரும்பும் நிறம் பர்கண்டி என்னும் திராட்சைச் சிவப்பு. கரிய முடியில் ப்ளீச் இல்லாமலே ஓரளவு பிடிப்பதும், நம் மேனி நிறத்துக்கு நன்றாக இசைவதும் அதன் குணங்கள். செயற்கை நிறங்களுள் சிவப்பே எல்லாவற்றிலும் விரைந்து மங்கும் என்பது அதன் தோஷம். நான்கு வாரத்தில் திராட்சை மறைந்து துருநிறம் எஞ்சும். வாரந்தோறும் நிறமூட்டும் கண்டிஷனர் பூசுவதற்கும், அடிக்கடி தலைக்குக் குளிப்பதைக் குறைத்துக்கொள்வதற்கும் சம்மதமுள்ளவர்கள் இதைத் தாராளமாக மேற்கொள்ளலாம்.

பொன்னிறமோ தனியொரு தவம். கரிய முடியை வெளுக்கச் செய்யும்போது அது ஒரே தாவலில் பொன்னாவதில்லை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாக இளகி வருகிறது. ஒரே அமர்வில் அவசரப்பட்டால் முடி ரப்பராய் இழுபட்டு அறுந்துபோகும் அபாயம் உண்டு. எஞ்சும் மஞ்சளை அடக்க ஊதா நிற டோனரும், செம்மஞ்சளை அடக்க நீல நிற டோனரும் வேண்டும். அந்த டோனரும் நான்கு முதல் ஆறு வாரத்தில் கழுவிப் போய்விடுவதால், இடையில் ஊதா ஷாம்பூவும் வேண்டும். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு முதலிய விநோத நிறங்கள் இதற்கும் ஒரு படி மேலே. அவற்றுக்கு ப்ளீச் செய்த முடியே அடித்தளம், ஆயுளோ சில வாரங்கள்தாம். விழாவுக்காக ஒரு மாதம் விளையாடிப் பார்க்க நினைப்பவர்கள், தலை முழுவதையும் பணயம் வைக்காமல், உள்ளடங்கிய ஒரு கற்றையில் மட்டும் செய்துகொள்வது விவேகம்.

எல்லையைக் கரைக்கும் வித்தை

நிறத்தின் தூரத்தைக் குறைக்க மனமில்லையானால் எல்லையின் கூர்மையைக் குறைத்துவிடலாம் என்பதைக் கண்டுகொண்டவர்கள் பிரெஞ்சுக் கலைஞர்கள். 1970களில் பாரிஸில் உருவான பலயாஜ் முறையில், வேரைத் தொடாமல், நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தூரிகையால் தடவி, மேலே மெலிதாகவும் கீழே அடர்த்தியாகவும் நிறத்தை வெளுக்கச் செய்கிறார்கள். வேரில் இருப்பது இயற்கை முடியே ஆகையால், அது வளர்ந்து வருவது குற்றமாகத் தெரிவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் கூடத் தாங்கும். முதல் நாள் செலவு அதிகம், ஆண்டின் மொத்தச் செலவு குறைவு. ஃபாயில் தாளில் மடித்துச் செய்யும் ஹைலைட்ஸ் வேரிலிருந்தே தொடங்குவதால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் புதுப்பிக்க வேண்டிவரும். தலை முழுவதும் ஒரே நிறம் பூசும் குளோபல் கலருக்கு நான்கு முதல் ஆறு வாரமே தவணை. நரைத்தவர்களுக்கும் இவ்வித்தை உதவும்: நரைகளுக்கிடையே மெல்லிய இளம்பழுப்புக் கோடுகளைக் கலந்துவிட்டால், எது நரை, எது சாயம் என்று பிரித்தறிய முடியாதபடி கலந்து நிற்கும்.

ஆடவர் விஷயம் வேறு. மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்கிற தலையில் சாயம் அடுக்கேறுவதில்லை. தவறும் விரைவில் வெட்டுண்டு போகும். ஆனால் மீசை இருக்கிறதே, அது பெரிய சத்துரு. அரை அங்குல நீளமுள்ள மீசையில் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை முளைத்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். தலையைக் கறுப்பாக்கி மீசையை நரையாக விட்டாலும், மீசையைக் கறுப்பாக்கிக் கிருதாவை மறந்தாலும், வேஷம் கலைந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை மீசைக்குச் சாயம் தொட்டுக்கொள்ளும் பொறுமை இல்லாத ஆடவர்கள் தலைச்சாயத்தைத் தொடாமல் இருப்பதே உசிதம்.

தண்ணீர், வெயில், எண்ணெய்

நிறத்தைக் கெடுப்பவை வேரின் வளர்ச்சி மட்டுமல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் சாயத்தை வெளிறச் செய்யும். வெந்நீர்க் குளியல் அதைச் சீக்கிரம் இளக்கும். உப்பும் இரும்பும் மிகுந்த போர்வெல் தண்ணீர் வெளிர் நிறங்களின்மேல் படிந்து மங்கச் செய்யும். கடும் வெயிலில் இருசக்கர வாகனத்தில் அலைகிறவர்களும், கடினநீரில் நாள்தோறும் தலைக்குக் குளிக்கிறவர்களும் பொன்னிறத்தையும் சிவப்பையும் விட்டுப் பழுப்பின் பக்கம் சாய்வது நல்லது. சாயம் பூசியபின் இரண்டு மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் இருப்பது நிறம் நிலைக்க உதவும். தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சியில் தெளிந்த விஷயம். ப்ளீச் செய்த கூந்தலுக்குக் குளிப்பதற்கு முன் அதைத் தடவிக்கொள்வது நம் பாட்டிமார் வழக்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒத்த காரியம்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை நிபுணர் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக பி.பி.டி.யை அறிவித்தது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். பத்து ஆண்டு சங்கடமில்லாமல் பூசியவருக்கும் பதினோராம் ஆண்டில் ஏற்படலாம். அம்மோனியா இல்லாத சாயம் என்றால் பி.பி.டி.யும் இல்லை என்று பொருளாகாது. காதின் பின்புறத்தில் சிறிதளவு பூசி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலைக்குப் பூச வேண்டும் என்று உறையில் அச்சிட்டிருப்பதை, கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு சாயம் கரைக்கிறவர்கள் எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே சோதனையையும், நான்கு நாள் முன்பே சாயத்தையும் முடித்துக்கொண்டால், நெற்றியில் படிந்த கறையும் அதற்குள் மறைந்துவிடும்.

நிர்ணயத்துக்கு முன் ஐந்து வினாக்கள்

1. ஆண்டுக்கு எத்தனை முறை இதற்காக நேரம் ஒதுக்க முடியும்? நான்குக்குள் என்றால் பலயாஜ், மருதாணிச் செம்மை, அல்லது இயற்கை நிறம்; எட்டு வரை என்றால் டெமி அல்லது ஹைலைட்ஸ்; அதற்கு மேல் என்றால் முழுச் சாயம்.

2. வேரிலிருந்து இப்போது வருவது எந்த நிறம்? நினைவில் இருக்கும் நிறத்தையன்று, இன்று வகிட்டில் தெரியும் நிறத்தைக் கொண்டே தூரத்தை அளக்க வேண்டும்.

3. வாரத்தில் எத்தனை நாள் தலைக்குக் குளிக்கிறீர்கள்? நாள்தோறும் என்றால் சிவப்பை விலக்குக.

4. வேர் தெரிந்தால் மனம் எவ்வளவு வருந்தும்? சிலருக்கு அது ஒரு பொருட்டன்று. சிலருக்கு நிம்மதியே போய்விடும். இரண்டாம் வகையினர் வகிட்டை மாற்றிச் சீவுவதையும், வேருக்குத் தடவும் பொடியையும் கைவசம் வைத்திருப்பார்களாக.

5. ஒருநாள் நிறுத்திவிட விரும்பினால் எப்படி வெளியேறுவீர்கள்? உள்ளே புகுவதற்கு முன்பே இதற்கு விடை இருக்க வேண்டும்.

நரையை நரையாகவே

ஐந்தாவது வினா இப்போது பலருடைய வீட்டில் கேட்கப்படுகிறது. சாயத்தை நிறுத்திவிட எண்ணுகிறவர்கள் தோளளவு கூந்தலில் முழு நரை வளர்ந்து வருவதற்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இடைக்காலத்து இருநிறத் தலையே அவர்களை அஞ்சவைத்து மீண்டும் சாயத்துக்குத் துரத்துகிறது. குட்டையாக வெட்டிக்கொள்வது ஒரு வழி. நரைக்கு இணையான வெளிர்க் கோடுகளைக் கலந்து எல்லையைக் கரைப்பது மற்றொரு வழி. முழுச் சாயத்திலிருந்து டெமிக்கு இறங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு படி வெளிறிய நிறத்தைக் கேட்டு வாங்குவது மூன்றாவது வழி. நரை வந்த பிறகும் கடமை முற்றிலும் நீங்குவதில்லை. வெயிலாலும் தண்ணீராலும் மஞ்சள் பாரிப்பதை நீக்க மாதம் இரண்டு முறை ஊதா ஷாம்பூ வேண்டும். ஆயினும் இதைப் போல் இலகுவான பாரம் வேறு எந்த நிறத்துக்கும் இல்லை.

இந்திரா காந்தியின் நெற்றிக்கு மேலிருந்த வெள்ளைக் கற்றை அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. 2011இல் வெளிவந்த மங்காத்தாவில் அஜித்குமார் நரை கலந்த தலையோடு கதாநாயகனாக நின்றபோது, நாயகன் என்றால் கருங்கேசம் வேண்டும் என்ற நம் திரையுலகச் சம்பிரதாயம் சற்றே ஆட்டங்கண்டது; அதற்குப் பின் நரையோடு அலுவலகம் போகும் நடுவயது ஆடவர்களை எவரும் வியப்போடு பார்ப்பதில்லை. பெண்களுக்கு அந்தச் சலுகையைச் சமூகம் இன்னும் முழுமனத்தோடு வழங்கிவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் "ஏன்டி, இப்படி வயசானவ மாதிரி வந்திருக்கே?" என்று கேட்கும் பெரியம்மாக்கள் எந்தக் குடும்பத்திலும் குறைவில்லை, ஒரு பெண் சாயத்தை மேற்கொள்வதா, கைவிடுவதா என்று யோசிக்கும்போது, பராமரிப்பின் செலவோடு அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் செலவையும் சேர்த்தே கணக்கிட நேர்கிறது.

ஆகவே சாயம் பூசுகிறவரைப் பகட்டுக்காரர் என்று பரிகசிப்பதும், நரையோடு நிற்கிறவரை ஞானி என்று கொண்டாடுவதும் ஒருங்கே தவறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேரைத் தொட்டுக்கொள்வதைச் சுகமான நியமமாகவே அநுபவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முழுக் கறுப்பும் சுமையன்று. அதையே தண்டனையாக எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெறுப்பது நிறத்தையன்று, கேட்காமல் தம்மேல் ஏற்றிக்கொண்ட கால அட்டவணையை. அட்டவணையை முதலில் நாமே எழுதிவிட்டு, அதற்கு அடங்கிய நிறத்தை மட்டும் தலையில் ஏற்றுவோமானால், எந்த வர்ணமும் நமக்கு எஜமானாக மாட்டாது.